மூன்றாம் மாடி ஜன்னல்

எங்கள் மாத்தளைப் பக்கம் முஸ்லிம் கல்யாணங்களில் ஆண்கள் பக்கத்தை எந்த ஸ்டூடியோக்காரரும் படம் எடுத்துவிடுவார். பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண் வேண்டும். பதினோரு வருஷமாக அந்தப் பெண் உக்குவளை ஹமீமா. இப்போது அவளுக்கு நாற்பது வயது. இருபத்தாறில் விவாகரத்து ஆகி, தம்பி ஸக்கரியாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஹாஷிமின் ஸ்டூடியோவில் அல்பம் ஒட்டும் வேலைக்குப் போய், ஆறே மாதத்தில் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் இரவில் ஊரைப் படம் எடுக்கத் தொடங்கியது தற்செயலாகத்தான். கல்யாண வீட்டு வேலை முடியப் பத்து, பதினொரு மணியாகும். ஸக்கரியா தன் த்ரீவீலில் வந்து அவளை ஏற்றிக்கொள்வான். ஒரு நாள் மழை விட்டிருந்தது. பழைய கடைத்தெருவின் ஓட்டுக் கூரைகள் நனைந்து கிடந்தன. தார் ரோட்டில் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் எண்ணெய் மாதிரிப் பரவியிருந்தது. "கொஞ்சம் நிப்பாட்டு" என்றாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது நிப்பாட்டினாள். ரயில்பாதை வந்து முடிகிற ஸ்டேஷன், 1848ஆம் ஆண்டுக் கலகத்தின் நினைவுத்தூண், மாரியம்மன் கோயில் கோபுரம், ஆளில்லாத சந்தை. ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, ஷட்டரை முப்பது செக்கன் திறந்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். ஸக்கரியா த்ரீவீலுக்குள் தூங்குவான்.

கேமராவும் மெமரி கார்டும் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். கல்யாணப் படங்களோடு இந்தப் படங்களும் மறுநாள் ஹாஷிமின் கம்பியூட்டருக்குப் போய்விடும். அவர் அவற்றைப் பார்த்து மெச்சி "நல்லா ஈக்கி" என்பார். அவளுக்கு அது போதும். தன் ஃபோனில் சின்னதாக ஒரு பிரதி வைத்துக்கொள்வாள்.

போன வருஷம் ஊரின் பொதுமண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'இரவில் மாத்தளை' என்று பெரிய பேனர். கீழே ஹாஷிமின் பெயரும் தாடி ஒதுக்கிய புதுப் படமும். உள்ளே முப்பத்திரண்டு படங்கள். முப்பத்திரண்டும் ஹமீமாவுடையவை.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள். ஹாஷிமை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அது எண்ட படங்க."

"எண்ட கேமரா. எண்ட கார்ட். அப்ப படம் யாருட?"

"ராத்திரி ராத்திரியா நின்டது நான்."

ஹாஷிம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. "அத வெளிய போய்ச் சொல்லு. புருஷன் இல்லாத பொம்புள ராத்திரி பன்னெண்டு மணிக்கு நடுரோட்டுல என்ன செஞ்சாள்னுதான் ஊரு கேக்கும். படத்தப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான். யோசிச்சுப் பேசு, தங்கச்சி."

அந்த 'தங்கச்சி'தான் தன்னை எரித்தது என்று ஹமீமா என்னிடம் சொன்னாள். படத்தை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் பொறுத்திருப்பாளாம். தன் இரவுகளை அசிங்கமாக்கி, அதையே தன் வாயில் அடைத்ததை மட்டும் பொறுக்க முடியவில்லை. வேலையை விட்டு நின்றாள். அழவில்லை. அடுத்த நாள் பிற்பகல், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்காட்சிக்கு மறுபடி போனாள்.

ஏழாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். வாசலில் விற்ற அஞ்சலட்டையிலும் அதே படம்தான். கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் ஒரே சட்டத்துக்குள், நடுவே வாகன வெளிச்சம் சிவப்புக் கோடாக ஓடுகிற படம். அந்த இரண்டும் அப்படிச் சேர்ந்து தெரிவது ஒரே ஒரு இடத்திலிருந்துதான்: ஒரு கல்யாண மண்டபத்தின் மூன்றாம் மாடி ஜன்னல். பெண்கள் மட்டும் இருக்கும் மணமகள் அறையின் ஜன்னல் அது. அன்று அறையின் வெளிச்சம் கண்ணாடியில் விழாமல் இருக்க, தன் துப்பட்டாவால் கேமராவைச் சுற்றி மூடிக்கொண்டுதான் எடுத்தாள். துப்பட்டா ஒரு மூலையில் நழுவியிருக்கிறது. ஃபோனில் தெரியாதது நாலடிப் படத்தில் தெரிந்தது. வலது கீழ் மூலையில், கண்ணாடியில் பிரதிபலித்து, மங்கலாக ஒரு கை. மருதாணி போட்ட கை, ஐந்து விரலிலும் மோதிரம்.

படத்தின் கீழே ஹாஷிம் விவரச் சீட்டு ஒட்டியிருந்தார். தேதியும் நேரமும் கம்பியூட்டரில் இருந்ததைப் பார்த்து எழுதியவை: பெப்ரவரி 24, இரவு 9.40.

ஹமீமா அங்கிருந்து நேரே றுக்ஸானாவின் வீட்டுக்குப் போனாள். பெப்ரவரி 24இல் கல்யாணம் முடித்தவள் றுக்ஸானா. அந்தக் கை அவளுடையது. ஃபோனில் எடுத்து வந்ததைக் காட்டியதும் அவள் முகம் கறுத்தது.

"எண்ட கையா இது? ஊரே பாத்துட்டிருக்கா?"

"ஓ. நான் எடுத்ததுதான், மகள். தெரியாமப் பட்டிட்டு. அதுக்கு ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கிறேன். ஆனா, தான் எடுத்ததுன்னு சொல்லிட்டுத் திரியிறார் ஒருத்தர். அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி நீ கேக்கணும்."

றுக்ஸானா ஃபோனை வாங்கிப் படத்தின் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "என்ன கேள்வி?" என்றாள்.

கண்காட்சியின் கடைசி நாள் ஹாஷிமுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. படங்களைப் பற்றி யாரும் கேட்கலாம் என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஹமீமா எழுந்தாள். ஹாஷிமின் சிரிப்பு ஒரு கணம் நின்று திரும்பி வந்தது.

"நானா, ஏழாவது படம் ரொம்ப அழகு. எங்க நின்டு எடுத்தீங்க?"

அவள் பணிந்துவிட்டாள் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். எந்த மண்டபம், எந்த மாடி என்பதை முன்பு அவளே அவரிடம் சொல்லியிருந்தாள். மண்டபத்தின் பெயரைச் சொன்னார். "மூணாம் மாடி ஜன்னல். ஒன்றரை மணித்தியாலம் காத்துக்கிட்டு நின்டேன். லேசான வேலை இல்ல." கை தட்டினார்கள். அந்த மாடிக்கு அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஏறியிருந்தால் அது மணமகள் அறை என்று தெரிந்திருக்கும்.

கைதட்டல் அடங்கியதும் றுக்ஸானா எழுந்தாள். "அன்னைக்கு அந்த நேரம் அந்த ரூம்ல மணப்பொண்ணா இருந்தது நான். படத்துட மூலையில தெரியிறது எண்ட கை. அந்த ரூமுக்குள்ள பொம்புளைங்க மட்டும்தான் இருந்தோம். நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துபோய் ஏழாவது படத்தின் மூலையைக் குனிந்து பார்த்தார்கள். றுக்ஸானாவின் கணவன் ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்றான்.

ஹாஷிம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். அவர் இன்னொரு பொய்யைத் தேடினார். "நான் உள்ள வரல்ல" என்றார். "கேமராவ முன்னாடியே ஜன்னல்ல வெச்சிட்டுக் கீழ இருந்து ரிமோட்லதான் எடுத்தேன்."

சொல்லி முடித்த பிறகே தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. மணமகள் அறையில், யாருக்கும் தெரியாமல், ஒரு ஆண் வைத்த கேமரா. பெண்கள் பக்கத்தில் எழுந்த சத்தம் ரோடு வரை கேட்டது. பொன்னாடையோடு அவரைப் பின்கதவால் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரத்தில் ஆறு கல்யாண வீட்டார் வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பழைய கல்யாணங்களின் பெண்கள் தங்கள் படங்களை எல்லாம் அழிக்கச் சொல்லிக் கடை வாசலில் நின்றார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஹமீமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "அப்படி ஒரு கேமரா வெச்சது உண்மையா, மகள்?"

"எனக்குத் தெரியாது. ஹாஷிம் நானாவையே கேளுங்க" என்றாள்.

அது பொய். அவளுக்கும் றுக்ஸானாவுக்கும் எல்லாம் தெரியும். ஒரு வார்த்தையில் அந்தப் பழியை அவள் நீக்கியிருக்கலாம். பன்னிரண்டு நாள் நீக்கவில்லை. "அந்தப் பன்னெண்டு நாளும் நான் நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன்" என்று என்னிடம் சொன்னாள். "அவரட பொண்டாட்டி மஸீஹா தாத்தாவ நெனச்சப்ப மட்டும் ஒரு மாதிரி ஈந்துச்சு." அக்காவை இங்கே தாத்தா என்போம்.

பதின்மூன்றாம் நாள் ஹாஷிம் மஸீஹாவைக் கூட்டிக்கொண்டு உக்குவளைக்கு வந்தார். ஹமீமா மஸீஹாவை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஹாஷிமை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க விட்டுவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நான் அங்க கேமரா வெக்கல்லன்னு சொல்லு, ஹமீமா. ஒனக்குத் தெரியுமே."

"தெரியும். அப்ப படத்த எடுத்தது யாரு?"

அவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க. மஸீஹா தாத்தாவுக்கும் கேக்கணும்."

"நீ."

"முப்பத்திரண்டுமா?"

"முப்பத்திரண்டும்."

அது மட்டும் அவளுக்குப் போதவில்லை. அதே மண்டபத்தில் அதே படங்களை மறுபடி மாட்ட வேண்டும் என்றாள். ஏழாவது படத்தில் அந்தக் கையை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் அவள் பெயரை ஹாஷிம் தன் கையாலேயே எழுத வேண்டும். இரவில் நடுரோட்டில் நின்று இவற்றை எடுத்தது ஹமீமா என்று மைக்கில் சொல்ல வேண்டும். நடுரோடு என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள்.

எல்லாம் அப்படியே நடந்தது. நானும் போயிருந்தேன். ஹாஷிமின் குரல் மூன்று இடத்தில் உடைந்தது. ஹமீமா முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ராத்திரி வெளியே போன பெண்ணைப் பற்றி ஊரில் சிலர் பேசத்தான் செய்தார்கள். ஹாஷிமின் நிலையைப் பார்த்திருந்ததால் அவள் காதுபடப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை.

ஹாஷிமின் பழி கழிந்தது, ஆனால் கல்யாண வேலை திரும்பவில்லை. ஸ்டூடியோவைக் கைமாற்றிவிட்டு, கலேவெல பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடையாள அட்டைப் படம் எடுக்கும் சின்னக் கடை ஒன்று போட்டார். ஹமீமா இப்போது சொந்தக் கேமராவில் தனியாகத் தொழில் செய்கிறாள்.

சென்ற மாதம் கலேவெலயில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அந்தக் கடைக்குள் நுழைந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்றாள். ஹாஷிம் ஸ்டூலைக் காட்டினார். எடுத்து, திரையில் காட்டினார்.

"இடது பக்கம் வெளிச்சம் காணாது, நானா. இன்னொருக்கா எடுங்க."

அவர் விளக்கை நகர்த்தி எடுத்தார். நாடி நிழல் கழுத்தில் விழுகிறது என்று மறுபடியும் எடுக்கச் சொன்னாள். மூன்றாவதையும் நாலாவதையும் தள்ளிவிட்டு ஐந்தாவதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் எண்ணமே இல்லை.