பெயர் சொல்ல முடியாத பெட்டி

இன்டர்நெட் கோளாறு பார்க்கப் போகும் வீட்டில், தேநீர்க் கிண்ணத்தை இடது கையில் பிடித்தபடி, வலது கையின் ஒற்றை விரலால் முதலில் எண்ணைத்தான் தட்டுவாள் கென்ஜெகான். உலகத்தின் எந்த மூலையிலோ எப்போதும் விழித்திருக்கும் ஒரு கணினியின் எண் அது. பதில் வந்தால் ஒரு மடக்குக் குடிப்பாள். அடுத்து ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுவாள். அதற்கும் பதில் வந்துவிட்டால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல," என்று எழுந்துவிடுவாள்.

எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால்தான் அவள் முகம் மலரும். "கம்பி நல்லாருக்கு. ஆளும் உயிரோட இருக்கான். விலாசம் சொல்றவன்தான் தூங்குறான்," என்பாள். கணினிக்குப் பெயர் புரியாது, அந்தப் பெயருக்கு என்ன எண் என்று யாரிடமாவது கேட்டுத்தான் அது நகரும் என்பதை, கிர்கிஸ் மலையூரான நாரினில் பாதிப் பேருக்குப் புரிய வைத்தவள் அவள். மீதிப் பேர் இன்னமும் "இன்டர்நெட் செத்துப்போச்சு" என்றுதான் ஃபோன் செய்கிறார்கள். "எது செத்துச்சு? கையா, காலா? விவரமாச் சொல்லித் தொலையேன்!" என்று அதட்டிவிட்டுத்தான் கோட்டை மாட்டுவாள்.

ஐம்பதை நெருங்குகிறாள். தொலைபேசி நிலையத்தில் பன்னிரண்டு வருடம் இணைப்புக் கொடுத்தவள். அந்த வாசனை இன்னும் போகவில்லை. கணினி யோசிக்கும்போது, "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று திரையைப் பார்த்து முணுமுணுப்பாள். கோட்டுப் பையில் உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டைகள் கிடக்கும். கோளாறு பிடிபடாத இடத்தில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். ரவுட்டரைப் பூவேலைத் துணியால் மூடி அழகு பார்க்கும் வீடுகளில் முதல் வேலையாகத் துணியை உருவுவாள். "மூச்சு விடட்டும். இதுக்கு எதுக்கு முக்காடு?"

ஒரு குணம் மட்டும் ஊருக்குப் பிடிக்காது. தப்பு யாருடையது என்பதை அவள் மறைக்கவே மாட்டாள். பள்ளித் தலைமை ஆசிரியரையே மற்ற ஆசிரியர்கள் முன்னால், "நீங்கதான் சார் நோண்டியிருக்கீங்க," என்று போட்டு உடைத்தவள்.

போன ஏப்ரலில் தொக்தோசுன் பெரியவர் வீட்டிலிருந்து அழைப்பு. முன்வீட்டில் பெரியவர், முற்றத்தைத் தாண்டிப் பின்வீட்டில் மருமகள் நூர்ஜாத். அவள் கணவன் ரஷ்யாவில் வேலை செய்கிறான். கம்பளி விரிப்புகளுக்குக் கோலம் வரைவதில் நூர்ஜாத் கெட்டிக்காரி. பிஷ்கேக்கில் ஒரு கலைக் கல்லூரியில் சேர அந்தப் படங்களை அன்று ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான். படங்களோ பெரியவர் அறை அலமாரியில், திரை இல்லாத ஒரு சேமிப்புப் பெட்டிக்குள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் மகன் ஊரைவிட்டுப் போகும்போது வாங்கி வைத்து, அப்பா பெயரையே அதற்கும் சூட்டிய பெட்டி. நூர்ஜாத்தின் மடிக்கணினி ஐந்து நாளாக அந்தப் பெட்டியை எட்டவில்லை.

கென்ஜெகான் வந்தபோது மணி நாலே கால். பெரியவர் பின்வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"என் பேரைத் தட்டினா திறக்கும்னு மகன் சொல்லியிருக்கான். பேரைத் தட்டும்மான்னு இவகிட்டச் சொன்னேன். வாயே தொறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இவதான் எதையோ கெடுத்து வச்சிருக்கா!"

நூர்ஜாத் அப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். கென்ஜெகான் எண்ணைத் தட்டினாள், பதில் வந்தது. வெளியூர்ப் பெயர் ஒன்றைத் தட்டினாள், அதற்கும் வந்தது. நூர்ஜாத் திரையில் வைத்திருந்த குறுக்குவழியை அழுத்தினாள், வீட்டுக்குள் இருக்கும் பெட்டி மட்டும் வரவில்லை. தயிர் உருண்டை கன்னத்துக்குப் போனது. மடிக்கணினிக்குள், யாரையும் கேட்காமல் அது தானே பார்த்துக்கொள்ளும் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். கையால் எழுதிச் சேர்த்த ஒரே ஒரு வரி இருந்தது. ஓர் எண், பக்கத்தில் 'அத்தா', அதன் பின்னால் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அப்பா என்று அர்த்தம், மாமனாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கிர்கிஸ் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். கென்ஜெகானும் ஒரு வீட்டு மருமகள்தானே. அவளுடைய மாமனார் பெயரில் 'கல்' என்ற சொல் இருப்பதால், இருபத்தேழு வருடமாக அவள் வாயில் கல் வெறும் 'கெட்டி'தான். இந்தப் பெண்ணுக்குப் பெயரைத் தட்டவும் கை வரவில்லை. பெட்டிக்குத் தன் மடிக்கணினியில் மட்டும் வேறு பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"ரவுட்டரை மாத்தினீங்களா?"

"மின்னல்ல போயிடுச்சுக்கா. போன வாரம் புதுசு வச்சாங்க."

புது ரவுட்டர் எல்லாருக்கும் புது எண் கொடுத்திருக்கிறது. பெட்டியின் பழைய எண் இப்போது விருந்தினர் அறை டிவிக்குப் போய்விட்டது. அஞ்சு நாளா இந்தப் பொண்ணு மாமனாரைக் கூப்பிட்டு டிவி கதவையா தட்டிக்கிட்டிருந்தா என்று கென்ஜெகானுக்குச் சிரிப்பு வந்தது.

"அத்தாகிட்டச் சொல்லிடாதீங்கக்கா," என்றாள் நூர்ஜாத், உதடு அசையாமல். "மகன் ஆசையா வச்ச பேரை நான் மாத்திட்டேன்னு நினைப்பாரு."

கென்ஜெகான் ரவுட்டரின் பட்டியலைப் பார்த்துப் பெட்டியின் புது எண்ணை அந்த வரியில் திருத்தினாள். அந்த எண் இனி வேறு யாருக்கும் போகாதபடி ரவுட்டரிலும் கட்டி வைத்தாள். கோலங்கள் திரையில் வந்து விழுந்தன. நூர்ஜாத் நின்றபடியே ஒவ்வொன்றாக அனுப்பினாள். நாலு ஐம்பத்திரண்டுக்குக் கல்லூரியிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன கோளாறு? இவதானே?" என்றார் பெரியவர்.

கென்ஜெகான் பொய் சொல்லிப் பழகாதவள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய், அந்த வரியை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"உங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க மருமக இப்படி எழுதி வச்சிருக்கா, பெரியப்பா. பெட்டி வாங்கின மாசமே எழுதியிருக்கா. கோளாறு புது ரவுட்டர்ல."

பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "ரெண்டு வருஷமாவா?" என்றார்.

"நான் ஒரு முட்டாள். பேரைத் தட்டு, பேரைத் தட்டுன்னு இவ உயிரை எடுத்திருக்கேன். ஏம்மா, பெட்டிக்கே இந்தப் பேரை வச்சிட முடியுமா?"

"முடியும். ஆனா உங்க மகன் வச்சது போயிடுமே."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

கென்ஜெகான் மடிக்கணினியை மேஜையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டிக்குள் நுழைந்து பழைய பெயரை அழித்தாள். வெற்றுக் கட்டத்தில் கோடு விட்டுவிட்டு மின்னியது. அவள் எழுந்துகொண்டாள்.

"நீ எழுதுடி. உட்காரு."

மாமனார் எதிரில் நூர்ஜாத் எப்படி உட்காருவாள்? நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். பெரியவர் இதைப் பார்த்தார். மெல்லத் திரும்பி, அறைக்கு முதுகைக் காட்டி முற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது. கென்ஜெகானும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அவர் பக்கத்தில் போய் முற்றத்தைப் பார்த்து நின்றாள். பின்னால் மூன்று எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.