தோய்க்க எடுத்த போர்வை

என் கணவர் ஒஸ்லோவிலிருந்து வடக்கே லொறி ஓட்டுபவர். சென்ற குளிர்காலத்தில், லொறியில் கிடந்த தடித்த போர்வையைத் தோய்க்க எடுத்தேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன், அவரிடம் சொல்லவுமில்லை.

அந்தப் பயணத்தில் பனிப்புயலால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். லொறியின் எஞ்சினும் பழுதாகி, உள்ளே சூடு நின்றுபோனது. தொலைபேசியில் அழைத்தார்.

"போர்வையைக் காணேல்லை. நீர் எடுத்தனீரோ?"

"ஓம், தோய்க்க எடுத்தனான். இஞ்சை வீட்டிலை கிடக்குது," என்று அழுதேன்.

"சரி, அழாதையும்."

பின்னால் நின்ற லொறிக்காரர் அவரைத் தன் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டதால் என் கணவர் தப்பினார். ஆனால் அதற்குள் குளிரில் விறைத்துப்போன அவருடைய கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாததுதான் என்னை வதைக்கிறது.

இப்போது இன்னொரு போர்வை வாங்கியிருக்கிறேன். அதை லொறியில் வைத்துவிட்டு, அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பழையதைத் தோய்க்க எடுக்கிறேன்.