பாட்டில் பதினொரு ‘அவர்’

போன ஞாயிறு மாலை, கனடாவில் எங்கள் ஸ்காபரோ தேவாலய ஹோலில், திருவிழா விருந்தின்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹோலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கதிரைகளை நான்தான் எண்ணினேன்... வேறு யார் எண்ணுவார்கள்? சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அது தொண்டையில் நின்றுவிட்டது.

என்ன சொல்? பொறுங்கள். யூட்டில் இருந்து தொடங்குகிறேன்.

யூட்டுக்கு வயது நாற்பத்திரண்டு. தாய் தகப்பன் மன்னார். கிழமை நாட்களில் பிறம்ரனில் வேலை — எந்த லொறி எந்த ஹைவேயில் போக வேண்டும் என்று போனில் கத்துவது. சனிக்கிழமைகளில் கௌபோய் தொப்பி போட்டுக்கொண்டு, வடக்கே சின்ன ஊர்களின் பார்களில் கன்ட்றி பாடுவார். ஞாயிறு காலை எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கிற்றார் வாசிப்பார்.

“நான் கன்ட்றி பாடுறனான் அங்கிள்” என்று அவர் முதலில் சொன்னபோது, “எந்த நாட்டுக்கு?” என்று கேட்டேன். எங்கள் ஆட்களுக்கு நாடு என்ற சொல் விழுந்தால் காது வேறு பக்கம் போய்விடும். லொறி, ஹைவே, நாய், விட்டுப்போன காதலி — இதுதான் கன்ட்றி என்று பிறகு விளக்கினார்.

யூட்டின் விஷயத்தில் காதலி இல்லை. கொலின் இருக்கிறார். வெள்ளைக்காரர், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர், ஆறடி மூன்று அங்குலம். இருவரும் கல்யாணம் முடித்து ஒன்பது வருடம். யூட் இதை ஒருவரிடமும் ஒளித்ததில்லை. ஆனால் ஒளிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா? கேட்கிறவர்கள் கேட்க வேண்டாமா?

“யூட், உம்மட பிரெண்ட் சுகமோ?” என்பார் பாடகர் குழுத் தலைவி பிலோமினா அன்ரி. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அன்ரிதான்.

“பிரெண்ட் இல்லை அன்ரி. ஹஸ்பண்ட்.”

“ஓம் ஓம். பிரெண்ட் நல்ல பிள்ளை.”

இதே உரையாடலை நான் மட்டும் பதினான்கு தடவை கேட்டிருக்கிறேன்.

திருவிழாவுக்கு முந்திய கிழமை பாட்டுப் பயிற்சி. தேநீர் இடைவேளையில் யூட் தன்பாட்டுக்கு ஒரு பாட்டை வாசித்தார். அவர் தமிழில் எழுதிய முதல் கன்ட்றி பாட்டு.

‘வழியெல்லாம் பனி, வண்டியெல்லாம் உப்பு,
அவர் கராஜ் கதவைத் திறந்து வைப்பார்.
களைத்து வருவேன் என்று அவருக்குத் தெரியும்,
அவர் சூப்பைச் சூடாக்கி வைப்பார்...’

அன்ரிமார் அழுதுவிட்டார்கள். பிலோமினா அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மாஸ்ரர், திருவிழாப் பூசையில நற்கருணை நேரம் இதைத்தான் பாடுறம். டைப் பண்ணுங்கோ.”

மாஸ்ரர் நான்தான்; பாட்டுத்தாள் டைப் செய்வது என் பொறுப்பு. மளமளவென்று எழுதி எடுத்தேன். மொத்தம் பதினொரு ‘அவர்’. எனக்கும் ஆண்டவர் என்றுதான் பட்டது.

யூட் கிற்றாரைக் கீழே வைத்தார்.

“அன்ரி, இது கொலினைப் பற்றின பாட்டு.”

“எந்த லைன்?”

“எல்லா லைனும்.”

“கராஜ் கதவு?”

“எங்கட வீட்டுக் கராஜ்தான்.”

“நான் மோட்ச வாசல் எண்டெல்லோ நினைச்சன்.”

“ரிமோட் பழுது அன்ரி. அவர் இறங்கி வந்து கையால தூக்குவார்.”

“அப்ப அந்தச் சூப்?”

“தக்காளிச் சூப்.”

பிலோமினா அன்ரி கழற்றிய கண்ணாடியைத் திரும்பப் போட்டார். தேநீர்க் கேத்தல் கொதித்தது.

தமிழின் வசதியே இதுதானே? ஆண்டவரும் அவர். பாங்க் மனேஜரும் அவர். புருசனும் அவர். பிலோமினா அன்ரி நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் ‘எங்கட அவர்’தான்.

அன்ரி குரலைத் தணித்தார். “இஞ்ச பாரும். அவர் எண்டுதானே கிடக்கு? நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? பாட்டும் நிக்கும், நீரும் குழுவில நிப்பீர்.”

“கொலின் மூண்டாவது வரிசையில இருந்து கேட்டுக்கொண்டிருப்பார் அன்ரி. எனக்கு ஏலாது.”

அன்ரி எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவிய கோப்பைகள்.

விஷயம் பாதரிடம் போனது. பூசையில் வேண்டாம் என்றார். விருந்தில் பாடுவது விழாக் குழுவின் விஷயம் என்றார். விழாக் குழு அறிவிப்பாளரின் விஷயம் என்றது. அறிவிப்பாளர் யார்? நான்தான்.

யூட்டுக்குப் போன் எடுத்தேன். “உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? பாரில பாடினாப் போதாதோ?”

“பாரில சேர்ச்சுக்குப் போறன் எண்டா சிரிக்கினம் அங்கிள். சேர்ச்சில கொலின் எண்டா இருமினம். தொப்பியோட மேடையில ஏறினா, வெள்ளைக்காரர் கறிச் சாப்பாட்டுக்கடை எங்க எண்டு கேக்கினம். நான் ஒரு ஆள்தான். அவைக்குத்தான் மூண்டு பேராத் தெரியுது.”

“சரி, என்னெண்டு அறிவிக்கிறது? வாழ்க்கைத் துணை? பார்ட்னர்?”

“பார்ட்னர் எண்டா எங்கட சனம் என்ன பிஸ்னஸ் எண்டு கேக்கும். கணவர் எண்டு சொல்லுங்கோ. நாலு எழுத்துத்தான்.”

எண்ணிப் பார்த்தேன். நாலுதான். ‘அவர்’ மூன்று, ‘கணவர்’ நான்கு. வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக நான் இரண்டு பிரஷர் குளிசை விழுங்கினேன்.

இப்போது ஹோலுக்கு வாருங்கள். மைக், நான், தொண்டை. முன்மேசையில் பிலோமினா அன்ரி, யூட்டைக் கண்ணெடுத்தும் பார்க்காமல்.

“அடுத்ததாக யூட்... தன் கணவர் கொலினைப் பற்றி எழுதிய பாட்டு” என்றேன்.

ரோல்ஸ் கடிக்கிற சத்தம் நின்றது. ஆறு பேர் எழும்பினார்கள். இரண்டு பேர் பாத்ரூமுக்கு. ஒருவர் காரை நகர்த்த. மூன்று பேர் உண்மையாகவே போய்விட்டார்கள் — அதில் ஒருவர் கதிரையைச் சத்தமாக மடித்து வைத்துவிட்டு.

யூட் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடினார். கொலினுக்குத் தமிழில் ‘ஓம்’, போதும் என்பதற்கு ‘காணும்’ என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். ‘சூப்’ வந்ததும் அந்த ஆறடி மூன்று அங்குலமும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டது.

கைதட்டல் வந்தது. பெரிய மழை என்று சொல்லமாட்டேன்... தூறல். பிலோமினா அன்ரி தட்டவில்லை. எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனார். ஒரு தட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டார். நேரே யூட்டிடம் வந்தார்.

“இந்தாரும். இதை உம்மட அவருக்குக் குடும். உறைப்பில்லாத துண்டாப் பாத்துப் போட்டிருக்கிறன்.”

யூட் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

“வாற ஞாயிறு பிராக்டிஸ் ஒன்பதரைக்கு. பிந்தாதையும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் வீட்டுக்கு ஐந்து தொலைபேசி அழைப்புகள். ஒன்று எனக்கு — எங்கள் விசுவாசம் என்னாவது என்று. மற்ற நாலும் என் மனைவிக்கு. நாலு பெண்களும் கேட்டது ஒரே கேள்வி: “உங்கட அவர் எப்பவாவது சூப் சூடாக்கி வைச்சிருக்கிறாரோ?”

நான் அடுப்படிக்குள் நுழைந்து இன்றோடு மூன்று நாள். தக்காளியை முதலில் அவிக்க வேண்டுமாம்.