பிறிமாண்டிலில் யாரும் போகாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ரகுநாதன் வீட்டு வரவேற்பறையில், சுவரை அடைத்து நிற்கும் தொலைக்காட்சியில், பிறிமாண்டில் துறைமுகத்தைப் பார்த்தேன். வெளியே பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. உள்ளே ஆஸ்திரேலிய வெயில் எரித்தது. நீலக் கடல், பாரந்தூக்கிகள், சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், வாயில் உருளைக்கிழங்குப் பொரியலோடு ஒரு கடற்பறவை. ரகுநாதனும் அவர் மனைவி சாந்தியும் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை அவர் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இதுதான் அண்ணை பழைய ஜெயில். உள்ளுக்கை சில்லெண்டு இருக்கும். இது மீன் கடை. இது சந்தை. மற்றப்படி அந்த ஊரில பெரிசா ஒண்டும் இல்லை. அரை நாள் காணும்."

"அரை நாளும் கூட," என்றார் சாந்தி. "காத்து வேற. என்ர தொப்பி கடலுக்கை போட்டுது."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். "வதனியைப் பாத்தனீங்களோ?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நேரம் கிடைக்கேல்லை அண்ணை," என்று சொல்லிவிட்டு ரகுநாதன் அடுத்த படத்துக்குப் போனார். அதில் அவர் சிறைக்கூடத்துக் கம்பிகளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

நண்பரே, எனக்கு வந்த கோபத்தை எழுதித்தான் ஆற்ற வேண்டியிருக்கிறது. நான் எதையும் நாள் கிழமையோடு குறித்து வைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே பஞ்சாங்கம்தான். ஆனால் இந்தக் கட்டுரையில் வருடங்களை எழுதப்போவதில்லை. எழுதினால் யார் வீடு, யார் பிள்ளை என்று எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கோபத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

வதனி, சின்னத்துரையரின் ஒரே மகள். சின்னத்துரையர் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர். கிரேக்கர் ஒருவரின் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அகதி வழக்கு முடியாமல் இழுபட்டதால் அவரால் நாட்டைவிட்டு வெளியே கால்வைக்க முடியாது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள். மகளோ கலியாணம் முடித்து மேற்கு ஆஸ்திரேலியாவில், பேர்த் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பிறிமாண்டிலுக்குப் போய்விட்டாள். முதல் பேரப்பிள்ளை பிறந்ததையும் அவர் தொலைபேசியில்தான் கேட்டார்.

அந்தக் காலத்தில் நான் கப்பல் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கருவியைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வரும்படி என்னைப் பிறிமாண்டிலுக்கு அனுப்பினார்கள். போகும் முன் நூலகத்தில் அந்த ஊரைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அந்தச் சிறையைக் கட்டியவர்களே அதில் அடைக்கப்பட்ட கைதிகள்தான் என்பதும், கோடையில் பின்னேரம் கடலிலிருந்து வரும் காற்றை அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக "டொக்டர்" என்பார்கள் என்பதும் வாசித்து அறிந்தவை. அவ்வளவு படித்துக்கொண்டு போனவனுக்குத் தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது.

ஏனென்றால், பயணம் போகிறவனின் பெட்டி அந்த நாளில் அவனுடையது அல்ல. செய்தி கசிந்த அன்றே கதவைத் தட்டத் தொடங்கினார்கள். இது மெல்பேணில் இருக்கிற மச்சாளுக்கு, இது சிட்னியில் இருக்கிற தம்பிக்கு. நான் அந்த ஊர்களுக்குப் போகவில்லை என்றால், "பரவாயில்லை, அங்கயிருந்து தபாலில போடு" என்பார்கள். பொதிக்குள் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு. சின்னத்துரையர் வெள்ளைத் துணியில் தானே ஊசி பிடித்துத் தைத்த பொதி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பிள்ளைக்கு உடுப்பு, தம்பி."

அதனால்தான் விமானநிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்தி இல்லை என்றேன். அதிகாரி கத்தரிக்கோலால் தையலை வெட்டினார். ஒரு சின்னச் சட்டை வந்தது. சட்டைக்குள் மிளகாய்த்தூள். இன்னொரு சட்டைக்குள் வடகம். காற்சட்டைக்குள் ஒடியல். பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த அந்தத் துண்டை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது மரமா?" என்று கேட்டார்.

"இல்லை, விட்டிருந்தால் மரமாகியிருக்கும்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நிலைமை மோசமாகியது.

உடுப்புகளைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்வரை அந்த மனிதரை மனதுக்குள் தமிழில் திட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவராவது இது யாருக்கு என்று கேட்டார்.

துறைமுகத்தில் அப்போது ஆடு ஏற்றும் கப்பல்கள் நிற்கும். அடுக்கடுக்காக ஆடுகள். காற்று திரும்பினால் நகரம் முழுக்கப் புழுக்கை மணம். அந்த மணத்துக்குள்ளால், வேலை முடிந்த முதல் மாலையே வதனி வீட்டைத் தேடிப் போனேன். ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்வீடு. கணவன் கப்பலில் வேலை செய்கிறவன், போனால் திரும்ப மாதங்களாகும். அவளும் கைக்குழந்தையும்தான்.

பொதிக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அவள் மிஞ்சிய உடுப்புகள் இருந்த என் கைப்பையைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

"அப்பா தூளைக் கொஞ்சம் கருக்க வறுத்திட்டார்," என்று சிரித்தாள்.

பிறகு சமைத்தாள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்ணிடம் வெங்காயமும் தக்காளியும் கடன் வாங்கிக்கொண்டு வந்து சமைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே வீட்டைப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அதற்குத்தான் அனுப்புவார்கள். நடையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நின்றது. பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டில். ஒட்டிய நாடாகூடப் பிரிக்கப்படவில்லை. குழந்தைக்கு அப்போது தலை நின்றுவிட்டிருந்தது.

மொன்றியல் திரும்பிய மறுநாள் மாலை, சின்னத்துரையர் வீட்டில் உட்கார இடமில்லை. கட்டிலில், சமையலறை வாசலில், வெளிப் படிக்கட்டில் எல்லாம் ஆட்கள். பயணம் போய் வந்தவனிடம் கதை கேட்பது அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே படக்காட்சி.

"கங்காரு பாத்தியோடாப்பா?" என்றார் ஒருவர்.

"பொறும் காணும். முதல் அந்த மனிசன்ர மகளைச் சொல்லட்டும். கங்காரு பேந்து," என்று இன்னொருவர் அதட்டினார்.

சின்னத்துரையர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சு போனாளோ?"

"கொஞ்சம், ஐயா."

"கொஞ்சம் எண்டால்?"

"தோளெலும்பு தெரியுது."

"போனில கேட்டா நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுறாள். வெளிக்கிட்டு எங்கையும் போறவளோ?"

"பிள்ளையின்ர வண்டில் இன்னும் பெட்டியாலை எடுக்கேல்லை, ஐயா."

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாள் காலை சின்னத்துரையர் மெல்பேணில் இருந்த தன் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கை ஒரு கிழமைக்குள் பிறிமாண்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். குழந்தை நடக்கும்வரை அங்கேயே நின்றாள். அந்த நாட்களில் தான் எப்படி இருந்தாள் என்பதை வதனி நெடுங்காலம் கழித்து எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். அத்தை வராவிட்டால் நானும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றாள். அவ்வளவு போதும்.

சின்னத்துரையருக்கு வழக்கு முடிந்து வதிவிடப் பேப்பர் கிடைத்தபோது, விமானத்தில் ஏறக்கூடாது என்று இதய வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் மகளை மறுபடி பார்க்கவே இல்லை. போய் வந்தவர்களின் வாயால்தான் பார்த்தார். சாகும்வரை, ஆஸ்திரேலியாவுக்குப் போன யாரும் அவள் வீட்டுக்குப் போகாமல் திரும்பியதில்லை.

இப்போது வதனியும் தனி. கணவன் காலமாகிவிட்டான். மகன் லண்டனில். அதே கல்வீடு. மாதம் ஒருமுறை வீடியோவில் கதைப்போம். போன கோடையிலிருந்து அவள் எப்போதும் ஒரே கதிரையில்தான் இருக்கிறாள். முன்பு தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க் கறிவேப்பிலைச் செடியைக் காட்டுவாள். இப்போது கேட்டால் பேந்து, பிறகு பார்க்கலாம் என்கிறாள். மகனும் அதே கதிரையைத்தான் பார்க்கிறான். "அம்மா ஓகே, மாமா" என்கிறான். எனக்கு முழங்கால் மடங்காது. அவ்வளவு தூரம் பறக்க முடியாது. ஆகவேதான் ரகுநாதன் பயணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வந்தபோது, ஒன்றே ஒன்று கேட்டேன்: அவள் வீட்டில் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதையெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை.

அவள் நண்டுக்கறி சமைத்துவிட்டுக் காத்திருந்தாள். அடுத்த நாள் எனக்குக் குரல்செய்தி வந்தது. "அண்ணை, அவை வரேல்லை. போனும் எடுக்கேல்லை. ஏதும் வருத்தமோ தெரியேல்லை. இந்தக் காத்து புது ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாது." அவளுக்குக் கோபமே இல்லை. அவர்களுக்குச் சுகமில்லையோ என்று பயந்துபோயிருந்தாள்.

இதை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய திரைக்கு முன்னால் சொன்னேன்.

"நாங்கள் உறுதியா வாறம் எண்டு சொல்லேல்லை, அண்ணை," என்றார் சாந்தி. "ஏலுமெண்டால் வாறம் எண்டுதான் சொன்னது."

"ஜெயிலுக்கு ஏலுமாயிருந்துதோ?"

"அது முதலே டிக்கெட் போட்டது."

ரகுநாதன் சமாதானமாகச் சொன்னார்: "இப்ப ஆர் அண்ணை ஆற்ற வீட்டை போகினம்? அவைக்கும் கரைச்சல், எங்களுக்கும் கரைச்சல். நீங்கள் அவவை வீடியோவில பாக்கிறியள்தானே. நாங்கள் போய் என்னத்தைப் புதுசாப் பாக்கிறது?"

"வீட்டைப் பாக்கிறது."

"வீட்டில என்ன இருக்கு?"

எழுந்து என் கோட்டை எடுத்தேன். சாந்தி கட்டாயப்படுத்திக் கையில் தந்த பற்றிஸ் பலகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன். சட்டையில் எண்ணெய்க் கறை. அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு வேறு.

அன்று மாலை அந்த ஊருக்குப் போய் வந்த பயணிகள் இணையத்தில் எழுதிய அனுபவங்களை வாசித்தேன். என் கோபம் தணியும் என்று நினைத்தேன். கார் நிறுத்த இடமில்லை என்று ஒருவருக்கு ஒரு நட்சத்திரக் கோபம். பொரியல் நமுத்துப்போயிற்று என்று இன்னொருவர். சிறைச்சாலை மனதுக்குச் சோர்வாக இருக்கிறது என்று ஒருவர். சிறைச்சாலையில் வேறென்ன எதிர்பார்த்தாரோ. தேடிப் பார்த்தபோது ரகுநாதனும் எழுதியிருந்தார். மூன்று நட்சத்திரம். "அழகான சிறிய துறைமுகம். பார்க்க அதிகம் இல்லை." ஒரு துறைமுகத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை அத்தனை பேரில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கடற்பறவைகளுக்காவது நாலு வரி கிடைத்திருந்தது.

திங்கட்கிழமை வதனியை அழைத்தேன். அவர்கள் சுகமாக இருக்கிறார்கள், நேரம்தான் கிடைக்கவில்லை என்றேன்.

"அப்பாடா," என்றாள். "நான் பயந்துபோனன். நண்டை இத்தாலிக்காரியின்ர பெடியனுக்குக் குடுத்திட்டன். அவன் உறைப்பில குதிக்கிறான்."

அவள் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தேன். "வதனி, ஒருக்கா எழும்பி அந்தக் கதவடிக்குப் போ பாப்பம். போனையும் கொண்டு."

"என்னத்துக்கு அண்ணை?"

"சும்மா. கறிவேப்பிலையைப் பாக்க."

"இப்ப இருட்டுது அண்ணை. பேந்து காட்டுறன்."

அவளுக்குப் பின்னால், ஜன்னல் திரைச்சீலையில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கட்டடத்தில் மட்டும் ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள் இன்றைக்கு நிறையப் பேர். துறைமுகத்தின் படம் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. வதனி எழுந்து நடக்கிறாளா என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்ல ஒருவர் இல்லை.