மேல் நாலடி

ஏரி அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேஜைமேல் ‘உதவிப் பொறியாளர்’ என்று பலகை இருந்தாலும் எல்லோருக்கும் அவன் ‘அளவுகோல்’தான். ஆளும் அதற்கேற்ற ஒல்லி, நெட்டை. தினமும் காலை ஆறு மணிக்கு மதகுத் தூணில் பதித்த அளவுப் பலகைக்கு எதிரே போய் நிற்பான்.

“தூரத்துலேருந்து பாத்தா எது பலகை, எது நீங்கன்னு தெரியல சார்,” என்பார் மதகுக்காரர். “நல்லவேளை, உங்க மேல அடிக்கோடு போடல.”

பலகையில் நீர்மட்டத்தைப் பார்த்து வந்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கொள்ளளவு அட்டவணையில் விரல் வைப்பான். இத்தனை அடி என்றால் இத்தனை கோடி கன அடி. அந்த எண்தான் நகரத்துக் குடிநீர் அலுவலகத்துக்குப் போகும். குடிக்க வேண்டுமானால் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அதே ஏரி காலியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விதி உண்டு: மழைக்காலம் முடியும்வரை மேல் நாலடியைக் காலியாக வைத்திரு.

போன வருடம் அவன் அந்த விதிப்படி நடந்தான். மதகைத் திறந்து நாலடியைக் காலி செய்தான். அதற்குப் பிறகு மழை எட்டிப் பார்க்கவே இல்லை. கோடையில் நகரம் குடத்தோடு தெருவுக்கு வந்தது. அலுவலக வாசலில் பெண்கள் காலிக் குடங்களை உருட்டிவிட்டுப் போனார்கள். விதிப்படி நடந்தவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவன் அம்மா தண்ணீர் லாரிக்கு முன் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாளாம்: “இந்தம்மாவுக்கு எதுக்கு வரிச? மவன்கிட்ட சொன்னா வாய்க்கால்லயே அனுப்பிடுவான்ல.” அன்று அம்மா குடத்தைக் காலியாகவே கொண்டுவந்து வைத்தாள். மூட்டை தூக்கியே முதுகு வளைந்து செத்த அப்பாவின் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். அந்தப் பட்டத்தை வைத்து அம்மாவை ஒருத்தி இடித்துப் பேசிவிட்டாள். அது அவனுக்கு ஆறவே இல்லை.

இந்த வருடம் மட்டம் ஏறியபோது செயற்பொறியாளர் போனில் சொன்னார். “ரெண்டடி ஏறட்டும்பா. போன தடவ பட்டது போதாதா?”

“சார், விதி நாலடின்னு...”

“விதிய நானும் படிச்சிருக்கேன். எழுத்துல ஒண்ணும் கேக்காத.”

அவன் கேட்கவில்லை. இரண்டடி ஏறியது. பாக்கி இரண்டடி.

கண்ணாடிக்கு அடியிலிருந்த அட்டவணை முப்பத்தைந்து வருடம் பழையது. ஏரியின் வால்பகுதியில் வண்டல் மேடிட்டு, மேட்டில் முள் வளர்ந்து, முள்ளை வெட்டி வீடு கட்டி, வீட்டுக்கு மின் இணைப்பும் வந்தாகிவிட்டது. தண்ணீர் அகலமாகப் பரவ வேண்டிய இடமே அதுதான். இரண்டு வருடத்துக்கு முன் பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன்காரரின் படகில் போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி இறக்கி அவனே அளந்தான். மேல் நாலடியில் பாதியைக் காணோம். புதிய அட்டவணையைப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினான்.

செயற்பொறியாளர் முழுக்கப் படித்தார். அதுதான் கொடுமை, ஒரு வரி விடாமல் படித்தார். “கணக்கு சரியாத்தான் இருக்கு,” என்றார். “ஏரி சுருங்கிடுச்சுன்னு நீ எழுதினா, நகரத்துக்குக் குடுக்கிற தண்ணியக் கொறைக்கணும். வால்ல வீடு கட்ட விட்டது யாருன்னு கேப்பாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ் இருக்கு, உனக்கு முப்பது. நல்லா படிச்ச பையன், புரியும்ல?”

புரிந்தது. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இந்த வருட மழையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, மேற்புறத்தில் உள்ள இரண்டு ஏரிகள் ஒன்றாக உடைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. நீர்வரத்து ஒரே மணி நேரத்தில் நாலு மடங்கானது. செயற்பொறியாளர் போனில் கேட்டார்: “ஏரி நெறய எவ்வளவு நேரம்?”

அவன் விரல் கண்ணாடிமேல் போனது. “ஆறு மணி நேரம் சார்.”

வாய் சொல்லி முடிப்பதற்குள் மனம் பாதியாக வகுத்துவிட்டது. மூன்று. திருத்தியிருக்கலாம். திருத்தினால், எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். அந்தக் காகிதம் மறுபடி மேஜைக்கு வரும்.

“அப்ப அவசரப்படாத. நான் மேல பேசி உத்தரவு வாங்குறேன். சின்ன மதகு ரெண்ட மட்டும் திற.”

பதிவேட்டில் எழுதினான்: ஏரி நிறைய ஆறு மணி நேரம். கையெழுத்தும் போட்டான்.

அடுத்த போன் அக்காவுக்கு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கடைக்குப் போய் அவனைப் படிக்க வைத்தவள். அந்தக் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். கடையும் வீடும் உபரிநீர் வாய்க்காலை ஒட்டிய தெருவில், முன்னும் பின்னுமாக.

“அக்கா, தண்ணி தொறந்து விடப்போறோம். பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போ.”

“எவ்வளவு நேரம்டா இருக்கு?”

மேலதிகாரியிடம் ஆறு என்று சொன்ன வாய் அக்காவிடம் மூன்று என்று எப்படிச் சொல்லும்? அவளிடம் மூன்று என்றால் அது அவனுக்குத் தெரிந்த எண் என்று ஆகிவிடும். “ஆறு மணி நேரம்,” என்றான். “சீக்கிரமா போயிடுங்க” என்றும் சேர்த்துக்கொண்டான்.

மாமா போனைப் பிடுங்கினார். “என்ன மாப்ள, எங்களத் தண்ணி தெளிச்சு விட்டுட்ட?” சிரித்தார். “இருநூறு யூனிஃபார்ம் தச்சு வச்சிருக்கேன். நாளைக்கு டெலிவரி. வீட்டுக்காரர் மாடிக்கு ஏத்திட்டு வந்துடுறேன். ஆறு மணி நேரம்னா ஆற அமர ஏத்தலாம்.”

“துணி போனாப் போகுது மாமா.”

“நீ கவர்மெண்டு. உனக்குத் துணி போனாப் போகும்.”

அவன் போனை வைத்தான். அந்த நொடியை அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக அளந்து பார்த்தான்.

பத்தரைக்கு மதகுக்காரர் நனைந்துகொண்டே உள்ளே ஓடி வந்தார். “சார், பலகை மூழ்கப் போவுது. கரை தாங்காது. உத்தரவு வந்துச்சா?”

வரவில்லை. அவன் உத்தரவில்லாமலே கை காட்டினான். பன்னிரண்டு மதகும் ஒன்றாக ஏறின. கரை உடைந்திருந்தால் நகரத்தில் பாதி போயிருக்கும். அதுவும் கணக்குதான், சரியான கணக்கு.

வாய்க்கால் தெருவுக்குத் தண்ணீர் பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவும் பாப்பாவும் அதற்குள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மாமா மூன்றாவது துணிக்கட்டை எடுக்கக் கடைக்குள் வந்திருந்தார். சாரல் துணியில் அடிக்காமலிருக்க இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார். வெள்ளம் அதை மிச்சத்துக்கும் இறக்கி நெளித்துவிட்டது. மூன்றாம் நாள் கதவை வெட்டி எடுத்தார்கள். அளவெடுக்கும் நாடா கழுத்திலேயே கிடந்தது.

விசாரணை வந்தது. எந்த அட்டவணையைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட அட்டவணை என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. உத்தரவுக்குக் காத்திராமல் கரையைக் காப்பாற்றினான் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். பாக்கி ஒன்றுதான். தெருவுக்கு முறையாக எச்சரிக்கை போனதா? தெருவில் யாரும் எச்சரிக்கை வந்ததாகச் சொல்லவில்லை. போனில் தகவல் கிடைத்த ஒரே ஆள் அக்கா.

செயற்பொறியாளர் அம்மா வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொண்டுவந்த வெள்ளைத்தாளை அக்காவிடம் கொடுத்தார். “ரெண்டு வரி போதும்மா. உங்க கையெழுத்துல இருந்தா நல்லது.”

அம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எழுதிடு கண்ணு. போனவரு போயிட்டாரு. இவன் வேலையும் போச்சுன்னா நீயும் பாப்பாவும் எங்க நிப்பீங்க? நான் எத்தினி நாளைக்கு?”

அக்கா பேனாவை வாங்கினாள். செயற்பொறியாளர் சொல்லச் சொல்ல எழுதினாள். எச்சரிக்கை வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் பொருட்படுத்தாமல்...

“அவரு பொருட்படுத்தாம இல்ல சார்,” என்றாள். “ஆறு மணி நேரம் இருக்குன்னுதான் இருந்தாரு. ஆறு மணி நேரம்னு எழுதட்டுமா?”

“வேண்டாம்மா. எண்ணெல்லாம் எதுக்கு? ‘போதிய அவகாசம் தரப்பட்டது’ன்னு போடுங்க.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அழுது முடித்த கண்கள், அதில் கோபம் இல்லை. படிக்காத விஷயத்தைப் படித்த தம்பியிடம் கேட்கும் பழைய பார்வைதான்.

“ஏண்டா, அன்னைக்கு உனக்கே ஆறுன்னுதானே தெரியும்?”

அம்மா தரையைப் பார்த்தாள். செயற்பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு ஞாயிற்றுக்கிழமை அவன் அளந்த கணக்கில் அது மூன்று. ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்கு அவள் புருஷன் திரும்பக் கிடைப்பார். அசட்டையாக இருந்து செத்தவராக இல்லாமல், சொன்ன நேரத்தை நம்பிச் செத்தவராக. அந்த ஒரு வார்த்தையில் அவன் இல்லாமல் போவான்.

“ஆமாக்கா,” என்றான். “ஆறுதான்.”

அவள் தலையசைத்தாள். சந்தேகம் தீர்ந்த பிள்ளையைப் போலக் குனிந்து, நிறுத்திய வரியை எழுதி முடித்தாள்.