சந்தனம் பட்ட சிப்

பிள்ளைகளா, மாமா வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று கேட்கிறீர்கள். உங்கள் அம்மாவின் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் மாமா வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில்தான் நானும் வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய பெரியவர் ஒருவர், டி.வி.யில் மாட்டி ஓட்டும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தார். துடைத்து, ஓட்டிப் பார்த்து வைத்தேன். ஆயுத பூஜை முடிந்து அவர் வந்து போட்டுப் பார்த்தால் திரை முழுக்கக் குப்பை எழுத்து. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே மாமா சொன்னார்: "எங்க மாப்ள கைவரிசைங்க. நல்ல மெமரி சிப்பக் கழட்டிட்டு ஓட்ட சிப்ப மாட்டியிருப்பாரு."

பழைய சிப்புக்கு அலைகிறவர்கள் உண்டு என்பதால் எல்லாரும் நம்பினார்கள். வேலை போனது. அரியமங்கலத்தில் நான் தனியாகப் போட்ட ரிப்பேர் கொட்டகை வரைக்கும் அந்தத் திருட்டுப் பட்டம் வந்தது.

இந்த வருஷம் பெரியவரே அந்தப் பெட்டியோடு வந்தார். "அன்னையிலேர்ந்து பரண்லதான் கெடந்துச்சு. எடுத்திருந்தா நீங்களே திருப்பி மாட்டிக் குடுங்க."

"பக்கத்துலயே உக்காந்து பாருங்க" என்றேன். எனக்கு வேண்டியது அந்தச் சாட்சிதான்.

மூடியைத் திறந்து கரண்ட் கொடுத்து, சிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன். ஒன்று சுட்டது. சூட்டை மட்டும் நம்பக்கூடாது. அணைத்துவிட்டு, அதன் முதுகில் நல்ல சிப் ஒன்றைக் காலோடு கால் பொருந்த உப்புமூட்டை போல ஏற்றி, மறுபடி போட்டேன். திரையில் குப்பை போய் ஒழுங்கான எழுத்து வந்தது.

கழட்டுவதற்கு முன் பெரியவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். ஈயப்பற்று கம்பெனியில் வைத்தபடியே இருந்தது, யாரும் தொட்டதில்லை. கால்களுக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் காய்ந்து, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கடையில் பொட்டு வைப்பது மாமா ஒருவர்தான். பூஜையன்று மூடி திறந்து கிடந்த பெட்டிக்குள்ளேயே ஈரச் சந்தனத்தை அப்பியிருக்கிறார்; அந்த ஈரத்தில்தான் சிப் கெட்டிருக்கிறது.

"இது அவரு வச்ச பொட்டுதானே" என்றார் பெரியவர்.

கால்களை நறுக்கிச் சிப்பை எடுத்தேன். அந்த இடத்தில் சாக்கெட் வைத்து, புதுச் சிப்பை மாட்டினேன். ஆயுத பூஜை வரட்டும் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு இனித்தது.

அன்று மாமா கடையில் சொந்தக்காரர், வாடிக்கையாளர் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெரியவரை அழைத்துக்கொண்டு போனேன்.

"வாங்க மாப்ள, பொரி எடுத்துக்குங்க."

"பொரி இருக்கட்டும் மச்சான்." பழுதான சிப்பைத் தாம்பாளத்தில் வைத்தேன். பெரியவர் தாம் கண்டதை எல்லாருக்கும் சொன்னார்.

மாமா சிரிக்கப் பார்த்தார். "பழசெல்லாம் எதுக்கு இப்ப?"

"மாப்ள எடுக்கலன்னு சொல்லுங்க" என்றேன்.

"எடுக்கல" என்று முனகினார்.

"சத்தம் பத்தல. அன்னைக்கு ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

காது சிவக்க, உரக்கச் சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் என்று தோன்றவில்லை.

படியிறங்கும்போது அத்தை ஒரு பொரிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "பிள்ளைங்களுக்கு."

பெரியவரை வீட்டில் விட்டுத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். அந்த வீட்டுப் பண்டம் உங்கள் வாயில் படக்கூடாது என்று பொரி, கடலை, வெல்லம் எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டி, காகிதத்தை உதறி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.