அவர் பெயர் எழுதிய டப்பா

என் வீட்டுக்காரர்மேல் எனக்கிருக்கும் கோபத்துக்குச் சர்க்கரை நோய் காரணம் இல்லை. அது அவர் கேட்டு வாங்கி வந்ததல்ல. காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

போன வருஷம் மூலக்குளத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார். சிறுநீரும் வேண்டும் என்று அவர் பெயர் எழுதிய டப்பாவை நீட்டினார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் எங்கள் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். மூத்திர டப்பாவோடு அந்தம்மாள் முன்னால் நடந்தால் ஐந்து காணி கரும்பு போட்டவரின் மானம் போய்விடுமாம். என் மானம் போனால் பரவாயில்லை, முந்தானையில் மறைத்துக்கொள்ளலாம்.

"நீயே குட்துட்டு வாடி. யாருக்குத் தெரியப்போவுது?"

நானும் கொடுத்தேன். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

சிறுநீர் ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. என் சிறுநீரகத்துக்கு என்ன குறை? அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆடினார். கருவாடு, ஊறுகாய், எதற்கும் தடையில்லை. பிரஷர் மாத்திரையை நினைத்தால் போட்டார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் அவராகவே மாத்திரை வாங்கி விழுங்கினார். சிறுநீர் நுரைத்தது, தண்ணீர் ஊற்றியும் நுரை போகவில்லை. நான் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுகிறேன் என்று என்னைத்தான் ஏசினார். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. வயலில் நின்ற கால் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறந்தால் டப்பா விஷயமும் வெளியே வருமே என்று பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு காலையில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தார். பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருஷம் சிறுநீரில் புரதமே இல்லை, அப்படியானால் இது சர்க்கரையால் வந்தது போலத் தெரியவில்லை, ஊசி குத்திச் சிறுநீரகத்துச் சதையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதப் போனார்.

என் வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவரோடது இல்லீங்க டாக்டர். என்னோடது," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு வருஷம் வீணாப் போச்சேம்மா."

திட்டியிருந்தால் தேவலாம். உப்பைக் குறைத்து, வலி மாத்திரையை அடியோடு விட்டு, பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார். முதலில் சிறுநீரை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே நர்ஸ் அவர் பெயரெழுதிய புது டப்பாவைக் கொடுத்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

"நீ போய்யா," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டப்பாவைக் கையில் பிடித்தபடி அவர்கள் முன்னால் நடந்து போனார். கழிவறைக் கதவு வரைக்கும் நானும் பின்னாலேயே போய், அவர் வெளியே வரும்வரை நின்றேன்.